பதினொரு குடுமிகள்

பசனாவுரியில் கறுப்பு ஆறும் வெள்ளை ஆறும்
ஒரே படுகையில் கொஞ்ச தூரம்
பேச்சுவார்த்தை இல்லாமல் ஓடும்.
நெஸ்தானும் நானும் அப்படித்தான் வந்தோம்,
கணவாயிலிருந்து இறங்கி,
ஹீட்டரைப் பேசவிட்டு.

சாலையோரக் கடை.
"கின்காலி மட்டும்தான்" என்றாள் த்சியாலா,
நாங்கள் வேறேதோ கேட்டுவிட்டதுபோல.
மாவைச் சிறு மூட்டையாக மடித்து
உச்சியில் முறுக்கியிருக்கும்,
உள்ளே கறியும் கொதிக்கும் சாறும்.
குடுமியைப் பிடித்துத் தூக்கி
முதல் கடியிலேயே சாற்றை உறிஞ்சிவிட வேண்டும்.
குடுமியைத் தின்னக் கூடாது. தட்டில் விட வேண்டும்.
எத்தனை தின்றாய் என்ற கணக்கு அதில்தான்.

பக்கத்து மேசையில் தனியாக ஒருவர்.
நல்ல கோட்டு, சவரம் செய்யாத கழுத்து.
"இருபது" என்றார்.
"தனியாளாகவா?" சிரித்தாள் த்சியாலா.
"கடைசியில் எண்ணிக்கொள்."

முதலில் பன்னிரண்டு வந்தது.
நெஸ்தான் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
என்னைப் பார்க்காமலிருக்க அது ஒரு வசதி.
ஒன்பது, பத்து என்று அவள் உதடு அசைந்தது.
பதினொன்று.

அப்போது அவர் என் பக்கம் திரும்பி
"பில்" என்றார்.
ஒரு மூச்சு. அதற்கு மேல் வரவில்லை.
பில்பிலி என்றால் எங்கள் மொழியில் மிளகு.
எங்கள் மிளகுக் குப்பியை எடுத்து நீட்டினேன்.
அவர் வாங்கவில்லை.
நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது,
அவர் நெற்றி மேசையில் முட்டிய பிறகும்,
நாற்காலி சரிந்த பிறகும்,
தண்ணீர் தண்ணீர் என்று த்சியாலா கத்திய பிறகும்.
யாரோ என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து
குப்பியைக் கீழே வைத்தார்கள்.

ஆம்புலன்ஸ் துஷேத்தியிலிருந்து வர வேண்டும், பனியில்.
அவரைச் சுவரோர பெஞ்சில் கிடத்தி
ஒரு மேசைவிரிப்பை முகம்வரை இழுத்தார்கள்.
பிளாஸ்டிக் விரிப்பு. அதில் எலுமிச்சம்பழங்கள் அச்சிட்டிருந்தன.

சமையலறைக்கு யாரும் சொல்லவில்லை.
முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான் ஒரு பையன்,
ஆவி பறக்க மீதி எட்டு.
நடுவில் நின்றான்.
கடைக்காரர் நுக்சார் தட்டையே நெடுநேரம் பார்த்தார்.
"ஆறிப்போனால் நாய்கூடத் தின்னாது" என்று
எங்கள் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
சாப்பிட்டோம்.
நான் ஐந்து, நெஸ்தான் மூன்று.
அத்தனை ருசி.
மோவாயில் சாறு வழிந்தபோது
அவள் காகிதத் துண்டை நீட்டினாள்,
காலையிலிருந்து முதல் தடவையாக.
பிணத்துக்கு வாய்க்கரிசி போடுகிற ஊர்கள்
எங்கோ இருக்கின்றனவாம்.
இங்கே எங்களுக்கு அவர் போட்டார்.

த்சியாலா பென்சிலோடு வந்தாள்.
எங்கள் குடுமிகளை எண்ணினாள், அந்த எட்டை ஒதுக்கிவிட்டு.
பிறகு, பழக்கம்தான், அவர் மேசைக்கும் போனாள்.
பதினொன்றுவரை எண்ணினாள்.
பன்னிரண்டாவது முழுசாக இருந்தது,
ஐந்து விரல்களின் பள்ளத்தோடு.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

ஷின்வாலி அணையைத் தாண்டும்போது
நெஸ்தான் சொன்னாள்:
"மிளகு அவர் மேசையிலேயே இருந்தது.
கைக்கு எட்டுகிற தூரம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
நாலைந்து கிலோமீட்டர் போயிருக்கும்.
"பிலிப்பே என்றுகூட ஒரு பெயர் இருக்கிறது" என்றாள்.

பனி எப்போதோ விட்டிருந்தது.
வைப்பரை நிறுத்த மறந்திருந்தேன்.
காய்ந்த கண்ணாடியில்
அது தேய்த்துக்கொண்டே வந்தது.