திரை வரவில்லை

போனில் ஒரு பெண் குரல்.
"படம் வரலையாம், வந்து பாருங்க" என்று மட்டும்.
தொண்டியிலிருந்து முள்ளிமுனைக்கு
வண்டியில் போகும்போதே தீர்ப்பு எழுதியாகிவிட்டது:
உப்பு.
இந்தக் கரையில் எந்தப் பெட்டி செத்தாலும்
முதல் சந்தேகம் அதன்மேல்தான்.
ரப்பர் ஒன்று, பிரஷ் ஒன்று, திருப்புளி.
நூற்றைம்பது ரூபாய் வேலை.

நண்டு கம்பெனி வாசலில்
வாடைக்கு முதுகைக் கொடுத்துப் பதினேழு பெண்கள்.
"கம்ப்யூட்டர்காரர் வந்தாச்சு" என்றாள் ஒருத்தி,
தாசில்தார் வந்தாச்சு என்கிற குரலில்.

"ஒங்கள யாரு வரச் சொன்னது?"
கணக்கர் நம்புராஜன்.
பிறகு, கொஞ்சம் இறங்கி,
"ஆன் ஆகுது, படம் வரல. உப்புக்காத்து.
போன மாசக் கணக்கு பூரா உள்ள கெடக்கு.
அது வந்தாத்தான் சம்பளம்னு சொல்லிட்டேன்."

பொத்தானை அமுக்கினேன்.
விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது.
கறுப்புத் திரையில் 'நோ சிக்னல்'
மூலைக்கு மூலை மிதந்தது,
நங்கூரம் அறுந்த வத்தை மாதிரி.
மானிட்டருக்கு உயிர் இருக்கிறது,
அதனிடம் பேசத்தான் ஆளில்லை.
நீலத்தலை வயரை உருவி
ஊசி வளைந்திருக்கிறதா பார்த்துத்
திரும்பச் செருகினேன்.
கறுப்பு.
அப்புறம்தான் காது கொடுத்தேன்.
நீளமாக ஒரு பீப். இடைவெளி. மறுபடி நீளம்.
ராம் இல்லை என்று அர்த்தம்.
ராம்நாட்டு ஜில்லாவிலேயே ராம் இல்லையா என்று
கடையில் நூறு தடவை சிரித்த பழைய ஜோக்.

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
பல்லி முட்டை ஓடு இரண்டு,
விசிறி இறக்கையில் பஞ்சு பஞ்சாய்த் தூசி,
திருகாணித் தலைகளில் துரு.
எல்லாம் எதிர்பார்த்ததுதான்.
ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு
துடைக்க வேண்டிய துண்டைத் தேடினால்
துண்டே இல்லை.
பள்ளம் காலி.
இரண்டு பக்கக் கொக்கியும்
நண்டு கொடுக்கை விரித்ததுபோல் திறந்து கிடந்தன.
சுற்றிலும் சாம்பல் தூசி,
ஓரத்தில் மட்டும்
ஒரு கட்டைவிரல் அகலத்துக்குச் சுத்தம்.

உப்பு அரிக்கும்.
கொக்கி திறக்காது.

"எலியா இருக்கும்" என்றார் நம்புராஜன்,
நான் எதையும் கேட்பதற்கு முன்னால்.
ஐஸ் பெட்டிகளுக்கு அப்பால்
பெண்கடல் அலையே இல்லாமல் கிடந்தது.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன்.

பையில் ஒரு பழைய துண்டு உண்டு,
திருவாடானைப் பள்ளிக்கூடம் கழித்துப்போட்டது.
டக், டக். கொக்கிகள் மூடின.
சின்னதாய் ஒரே ஒரு பீப்.
படம் வந்தது.
தேதி: 2009, ஜனவரி ஒன்று.
செல் தீர்ந்த பெட்டி அப்படித்தான்,
பிறந்த வருஷத்துக்கே ஓடிப்போய்விடும்.
அதன் கணக்குப்படி இந்தக் கொட்டகையில்
இன்னும் ஒரு நண்டும் வேகவில்லை,
யாருக்கும் பைசா பாக்கியில்லை.

"இன்னைக்கு என்ன தேதி?"
சத்தமாகவே கேட்டேன்.
வாசலிலிருந்து பதினேழு குரலும் சொன்னது,
கிழமையோடு.

களஞ்சியம் உள்ளே வந்து நின்றாள்.
போனில் கேட்ட அதே குரல்.
கோப்பு திறந்ததும்
திரையைப் பார்க்காமலே ஆரம்பித்தாள்:
செவ்வாய் நாலே கால் கிலோ சதை,
புதன் மூணே முக்கால்,
வியாழன் கரண்ட் இல்ல, ரெண்டு.
திரை ஒவ்வொன்றுக்கும் ஒத்துப்போனது.
வெள்ளிக்கிழமையில் மட்டும் அரைக் கிலோ தகராறு.
நம்புராஜன் அவள் சொன்னதையே அடித்தார்,
என் பக்கம் திரும்பாமல்.

"பில் யார் பேருக்கு?"
"கம்பெனி பேருக்கு" என்றாள்.
எழுதினேன்: திரை வரவில்லை. ராம் போடப்பட்டது.
எப்படிப் போனது என்பதற்கு
என் பில் புத்தகத்தில் கட்டம் கிடையாது.

தகட்டை மூடும்போது கேட்டாள்:
"வெரல் நீளம் இருக்குமா அது?
அதுவா பத்து நாளா எங்கள உக்கார வச்சது?"
ஆமாம் என்றேன்.
"இதுக்குப் பூட்டுப் போட முடியுமா?"

பெட்டியின் முதுகில் ஒரு வளையம் உண்டு.
பதினோரு வருஷத் தொழிலில்
யாரும் கேட்டதில்லை, நானும் காட்டியதில்லை.
காட்டினேன்.
சுண்டுவிரலை உள்ளே விட்டு
அளவு பார்த்துக்கொண்டாள்.