கப்பல் வராத புதன்கிழமை

காற்று திசை மாறியதில்
பொனேர் தீவை இன்று கப்பல் அணையவில்லை.
மூவாயிரம் பசி
வேறு துறைமுகம் பார்த்துப் போய்விட்டது.
கிராலெண்டைக் கடைத்தெருவில்
டாக்சிகள் வெயிலை ஏற்றிக்கொண்டு நிற்கின்றன.

பயிற்சி வகுப்புக்கு மட்டும் விடுமுறை இல்லை.
நான்கு மொழிகளில் நல்வரவு சொல்லிப் பழகியாயிற்று,
துவாலையை அன்னமாக மடிக்கவும்.
இன்றைய பாடம்: குறை சொல்லும் விருந்தாளி.

சீட்டு ருடெல்மாவுக்கு விழுந்தது.
பதினோரு வருடம் அறை பெருக்கியவள்
முதன்முறையாக அந்த மேசையில் உட்கார்ந்தாள்.
நாற்காலியை நகர்த்திக் கொடுத்தான் எட்செல்.
"என்ன குறை, மேடம்?"

"சூப் ஆறிப்போச்சு" என்றாள், புத்தகத்தில் உள்ளபடி.
"சன்னலைத் திறந்தா கடல் தெரியலை."
புத்தகத்தை மூடினாள்.
"வீட்டு வாடகை ரெண்டு மடங்கு.
நான் நீந்தின கரைக்கு இப்போ கேட்டு, காவல்.
சம்பளம் கப்பல்ல வருது,
கப்பல் வராட்டி அதுவும் வராது."

எட்செல் பயிற்றுநரைப் பார்த்தான்.
அவர் ஏசியின் ரிமோட்டைத் தேடினார்.
கற்றுத்தந்த பதில் ஒன்றுதான்,
அதையே சொன்னான்:
"மன்னிக்கணும் மேடம், உடனே கவனிக்கிறோம்."

பத்துக்கு எட்டு.
குறிப்பு:
தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கலாம்.