பர்னர் அணைந்த பிறகு

பர்னரை நிப்பாட்டியாகிவிட்டது.
புளோவர் நிற்காது, நிற்கவும் கூடாது.
அச்சுவேலித் தொழிற்பேட்டையில் இரவு ஒன்பதே முக்கால்;
இரண்டு நாள் மழைக்கு வெயில் கிடைக்காத மிளகாய்
தட்டுத் தட்டாய்,
தொண்டைக்குள் இறங்கி உட்காரும் காரம்.

முதலாளி ஒட்டிய தாள் சுவரில்:
‘வேலை முடிந்தால் எல்லாச் சுவிச்சும் ஓஃப்.’
போன மாசியில் அதை நம்பித்தான் அணைத்தேன்.
காற்று நின்றதும் சூட்டுக்குப் போக இடமில்லை;
பெட்டிக்குள்ளேயே திரும்பி
பெயாரிங்கின் கிறீசை உருக்கிக் குடித்தது,
இரும்புத் தகட்டை அப்பளமாய் நெளித்தது.
எட்டு நாள் சம்பளம் அந்த நெளிவுக்குள்.

வெளியே ஹோர்ண். அருள்நேசன்.
காலையில் லீசிங் காசுக்காகச் சண்டை;
அவன் சொன்னதை விட
நான் சொன்னதுதான் கூடாத சொல்.

முள் நூற்றுப் பத்தில். பொறுக்கிறேன்.
தொண்ணூறு. திரும்பவும் ஹோர்ண்.
எழுபதில் கொஞ்ச நேரம் அடம்பிடித்து நிற்கிறது.
செய்ய ஒன்றுமில்லாததுபோல் புளோவர்
வெறுங்காற்றை அள்ளி அள்ளிக் கொட்டுகிறது.
ஆர் சொன்னது, அது வேலையில்லை என்று?

நாற்பது. தானாகவே ஒரு ‘டொக்.’
பெல்ட் இழுபட்டு, தயங்கி, நின்றது.
இவ்வளவு நேரமும் தவளைகள் கத்தியிருக்கின்றன.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும்.
இப்போதுதான் எஞ்சினை அணைத்திருக்கிறான்:
சைலன்சர் இன்னும் டிக், டிக் என்கிறது.
கணுக்கால் அதில் பட்டுவிடாமல்
பின்னால் ஏறுகிறேன்.