ஐம்பது ஹெர்ட்ஸ்

அயனாவரம், மூன்றாம் மாடி,
இரவு இரண்டே முக்கால்.
லேப்டாப்புக்கு என் மகனைவிட இரண்டு வயது அதிகம்.
படம் காட்டச் சொன்னால் மூச்சு வாங்கும்.
ஆகவே கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து,
கண்சிமிட்டும் ஒரு கோடு.

பதிவது பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல்.
கேட்கப்போவது ஜெசிந்தா.
பார்வையில்லை; காதிலிருந்து ஒரு கமாகூடத் தப்பாது.
போன பதிவைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:
"அண்ணா, பென்சீன் வளையத்துக்குள்ள
ஒரு வண்டு மாட்டிக்கிட்டிருக்கு."

வண்டில்லை, கீழே மோட்டார்.
மெட்ரோ தண்ணீர் வருவதும்
தெரு அடங்கி நான் வாசிக்க முடிவதும்
ஒரே நேரத்தில்தான்.

ஒரு நிரல் மைக்கைக் கேட்கும்.
ஒன்று ஐம்பதாம் ஹெர்ட்ஸை மட்டும் கிள்ளி எடுக்கும்,
சாதத்திலிருந்து கறிவேப்பிலையைப் போல;
நூறு, நூற்றைம்பது என்று அதன் பிள்ளைகளையும்.
அடுத்தது, பேச்சில்லாத இடைவெளிகளில்
கதவைச் சாத்தும்.
கடைசி நிரல் வட்டில் எழுதும்.
ஒன்றின் முகம் இன்னொன்றுக்குத் தெரியாது.
நடுவில் நான் இழுத்த குழாய்கள்.
குழாய் என்றுதான் பெயர், நின்றுகொண்டிருக்கும் அந்த ஒற்றைக் கோட்டுக்கு.
பெயர் வைத்தவர்
சென்னையில் குடத்தோடு நின்றிருக்கமாட்டார்.

முதல் முறை
வெளிவாயை உள்வாயிலேயே மாட்டிவிட்டேன்.
ஓர் அலறல்.
தெருவில் மூன்று நாய்கள் பதில் சொல்லின.
இரண்டாம் முறை
நாற்பத்து நாலாயிரத்து நூறுக்கும் நாற்பத்து எட்டாயிரத்துக்கும் தகராறு:
பஸ்ஸைப் பிடிக்கப்போகிற எவனோ
என் குரலில் ஆல்கஹால்களை ஒப்பித்தான்.
மூன்றாம் முறை, சரி.

ஹெட்போனில் அப்படியோர் அமைதி.
துவைத்து உலர்த்திய என் குரல்.
பீனாலைத் தாண்டி, ஈதரைத் தாண்டி
இருபத்தொரு பக்கம்.

கழற்றியபோதுதான் கதவு கேட்டது.
முனிரத்தினம், முதல் மாடி,
முழங்கால்வரை நனைந்த லுங்கி.
"அரை மணி நேரமாத் தட்றேன் சார்.
படிச்சிட்டிருக்கீங்களேன்னு
நீங்க நிறுத்துறப்ப மட்டும் தட்னேன்.
டேங்க் வழிஞ்சு படியெல்லாம் அருவி.
இன்னிக்கு மோட்டார் உங்க முறைதானே?"

என் முறைதான்.
மோட்டாரை வடிகட்டி எடுத்துக்கொண்டது.
மரியாதையான அந்தத் தட்டலை, இடைவெளியில் சாத்திய கதவு.
எல்லா நிரலும் சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தன.
பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை.

வாளியும் துடைப்பமுமாக விடிந்தது.

அடுத்த இரவு ஜாக்கை நிறுவினேன்.
அதில் ஒரு வாய்க்கு எத்தனை செவியும் பூட்டலாம்.
மைக்கிலிருந்து இரண்டு கம்பி:
ஒன்று பழைய வழியே சுத்தமாகப் போகும்.
மற்றொன்றிலிருந்து அந்தச் சுத்தத்தைக் கழித்தால்
மிச்சம்.
மிச்சத்துக்கென எட்டு வரியில் ஒரு நிரல்:
வண்டு இருபது நிமிடத்துக்கு மேல் பாடினால்
காதுக்குள் மணியடி.

அடித்தது. இறங்கிப் போய் நிறுத்தினேன்.
முனிரத்தினம் ஜன்னலிலிருந்து கட்டைவிரல் காட்டினார்.

மிச்சத்தை ஒருநாள் தனியாக ஓடவிட்டேன்.
மோட்டார்.
படியில் ரப்பர் செருப்பு.
கேரேஜ் பக்கம் பெட்டிகள் இடித்துக்கொள்ளும் ஷண்டிங்.
குடம் நிரம்ப நிரம்ப ஏறும் சுருதி.
"மெத்தாக்சி" என்று சொல்லுமுன்
நான் பயந்து இழுக்கும் மூச்சு.

ஜெசிந்தாவுக்குப் போனது சுத்தமான கோப்பு.
மறுநாள் குரல்செய்தி:
"நல்லாருக்குண்ணா. தெளிவா இருக்கு.
ஆனா வண்டு எங்க?
ஓட்டி ஓட்டிக் கேக்கும்போது
அது வந்தா பீனால் வந்தாச்சுன்னு நிப்பாட்டுவேன்."

இரண்டே முக்கால்.
மிச்சத்திலிருந்து மூலக் கோப்புக்கு
ஒரு கம்பி, மைனஸ் முப்பது டெசிபெல்லில்.
வரியை அடித்துவிட்டேன், என்டரை அழுத்தவில்லை.
கீழே யாரோ
மோட்டார் போடுகிறார்கள்.