தகரத்தில் இரண்டு

அயோவாவில் அன்று தெற்குக் காற்று.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, ஆகஸ்ட்,
சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் பேஸ்பால்.
மார்ட்டென்வில் மைதானத்தில் ஸ்கோர் பலகை என் பொறுப்பு:
ஏணி ஒன்று, ஆணி நான்கு,
தகரத்தில் வெட்டிய எண்கள் ஒரு பெட்டி,
ஆட்டத்துக்கு நாற்பது சென்ட்.

பத்தாம் இடத்தில் மாட்ட
அணிக்கு ஓர் ஒன்றுதான் செய்து தந்திருந்தார்கள்.
இருபது யார் கனவிலும் வந்ததில்லை.

முதல் இன்னிங்ஸிலேயே தெரிந்துவிட்டது.
மட்டையில் பட்டும் படாமலும் கிளம்பிய பந்தைக்கூட
காற்று இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்
வேலிக்கு அப்பால்
லிண்ட்க்விஸ்ட்டின் சோளக்கொல்லையில் இறக்கியது.
தேடப் போன பையன்கள்
கதிர் தின்றுகொண்டு திரும்பினார்கள், வெறுங்கையோடு.
பந்து ஒன்றேகால் டாலர்.
முதலாளி போம் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார்.

எங்கள் பிட்சர் ஓட்டகர் கோசெல்,
வாரநாளில் பனிக்கட்டிக் கிடங்கில் வேலை.
அவனுக்கு மாற்று டெல்மர் ஃபின்ச்
பல்வலியில் கன்னம் வீங்கி
பெஞ்சில் துணி கட்டிக் கிடந்தான்.
ஆகவே கோசெல் வீசினான்.
பதினொன்று விட்ட பிறகும்,
பதினாறு விட்ட பிறகும்,
தொப்பியைக் கழற்றிப் பிழிந்தான், மாட்டினான், வீசினான்.

ஆறாவது இன்னிங்ஸில் எதிரணி இருபது.
பன்றிக்கொழுப்பு டப்பாவின் மூடியில்
தாரால் ஓர் இரண்டு எழுதி ஏறினேன்.
சிரித்தார்கள். எட்டாவதில் எங்களுக்கும் ஒன்று வேண்டியிருந்தது.
டிக்கெட் கூண்டின் கூரையில் கொஞ்சம் கிழித்தேன்.
அப்போது யாரும் சிரிக்கவில்லை,
தொண்டை கட்டிப்போயிருந்தது ஊருக்கு.

இருபத்தேழு, இருபத்தாறு.
ஒன்பதாவதின் அடிப்பாகம், இரண்டு பேர் அவுட்,
மூன்றாம் பேஸில் ஒருவன் ஒற்றைக் காலில் துடிக்கிறான்.
அடிக்க வருகிறான் கோசெல்.

அடித்தான்.
அன்று அடித்ததிலேயே அதுதான் சுத்தமான அடி;
சத்தம் என் ஏணிவரை வந்தது.
பந்து ஏறியது, ஏறியது,
ஏணியில் என் சட்டை முதுகில் ஒட்டியது.
காற்று நின்றுவிட்டது.

எதிரணிக்காரன் ஓரடிகூட நகரவில்லை.
கையை நீட்டினான்,
கடன் வாங்குகிறவனைப் போல.

ஐந்து ஐம்பது ரயில் பலகையை ஒட்டித்தான் போகும்.
சன்னலுக்குச் சன்னல் முகங்கள் இருக்கும்.
கோசெலுக்காக நான் ஒரு காரியம் செய்தேன்:
இரண்டு இரண்டுகளையும் கழற்றிப் புல்லில் போட்டேன்.
ஏழு, ஆறு.
நல்ல ஆட்டம் போல, நெருங்கித் தோற்றார்கள் போல
என்று நினைத்துக்கொண்டு போகட்டும்.

அவன் வந்தான்.
பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
வலக்கை தோளுக்கு மேல் எழவில்லை.
இடக்கையால் புல்லில் துழாவி
டப்பா மூடியை எடுத்து
ஏணியில் மூன்று படி ஏறினான்.
"அத்தனையும் நான் வீசினது," என்றான்.
ஆணி கிடைக்க நேரமானது. நான் பிடித்துவிடவில்லை.
மற்ற இரண்டை நான் மாட்டி முடிப்பதற்குள்
ரயில் வந்துவிட்டது.
இருபத்தேழு, ஆறு என்றுதான்
அந்த முகங்கள் பார்த்திருக்கும்.

அக்டோபரில் சோளம் அறுத்தபோது
லிண்ட்க்விஸ்ட் ஒரு கோணிப்பையோடு வந்தான்.
பதினான்கு பந்துகள், தையல் விட்டு,
ஒன்றை எலி குடைந்திருந்தது.
போம் எண்ணிப் பார்த்தார்.
நோட்டில் பதினைந்து இருந்தது.