இரண்டடி வெயில்

"லாயாங் லாயாங்கில் வெயிலுக்கா பஞ்சம்?"
சிரித்தார் ஆ கியோங்.
கீழே அவர் இரும்புக்கடை, மேலே நான்.
செம்பனை ஆலையில் எனக்கு இரவு ஷிப்டு,
எண்ணெயின் புளிப்பை அளந்து எழுதும் வேலை.
பகலில் தூங்குவதற்காகக்
கறுப்புத் திரை மாட்டிய ஒற்றை அறை.

அந்த இருட்டுக்குள்தான்
உரிமத் தாளும் ஒரு நீல வாளியுமாக
ஆமையைக் கொண்டுவந்து வைத்தான் வினோதன்.
அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை.
"ரெண்டே மாசம்க்கா."
பதினாறு முடிந்துவிட்டது.

எழுந்ததும் பெட்டியின் நாலு மூலையும் சுற்றும்.
செம்பருத்தி இலையை முறைக்கும்.
யாரோ நிரையை விட்டுப் போனதுபோல் தலையாட்டிக்
கணக்கெடுத்துக்கொண்டு திரும்பும்.
மண்டோர் என்று கூப்பிடத் தொடங்கினேன்.

முதலில் வாங்கியது சுருள் பல்பு.
இருபத்திரண்டு வெள்ளி. ஊதா கலந்த வெள்ளை.
நாலாம் நாள்
மண்டோர் கண்ணைத் திறக்கவில்லை.
வீங்கிய இமை, தொடாத இலை.
குளுவாங்கில் மிருக வைத்தியர் ஹஸ்னிதா
பல்பின் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.
ரொம்பக் கிட்டே, ரொம்பக் கூர்மை.
நீளக் குழலாக வாங்குங்கள், மேலிருந்து விழட்டும்.
பக்கவாட்டில் வரும் வெயிலைப்
பார்த்திருக்கிறீர்களா, நடுப்பகலில்?"
பார்த்ததில்லை.
நடுப்பகலையே பார்த்து நாளாயிற்று.

சூட்டுக்குத் தனி விளக்கு.
கிளிப் போட்டுப் பெட்டி விளிம்பைக் கவ்வவைத்தேன்,
ஒருநாள் அணைக்க மறந்து ஆலைக்குப் போனேன்.
காலையில் கதவைத் திறந்தால்
தேங்காய்நார் கருகிய வாசம்,
உருகி வழிந்த பிளாஸ்டிக் ஹோல்டர்,
தூர மூலையில் ஓட்டுக்குள் ஒடுங்கிய மண்டோர்.
முதுகில் சுடுவது ஆமைக்குத்
தாமதமாகத்தான் தெரியுமாம்.
அன்று முழுக்க நான் தூங்கவில்லை.

ஆ கியோங் மாடியேறி வந்தார், சிரிக்காமல்.
பீங்கான் ஹோல்டர், கொக்கி, நாய்ச் சங்கிலி.
உத்திரத்தில் துளை போட்டார், மாட்டினார், இழுத்துப் பார்த்தார்,
தானும் ஒருமுறை தொங்கிப் பார்க்கலாமா
என்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார்.
சங்கிலிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

பல்லி விழாமலிருக்கக் கண்ணாடி மூடி போட்டதும் என் புத்திதான்.
கண்ணாடி வெளிச்சத்தை விடும்,
வெளிச்சத்துக்குள் இருப்பதை விடாது.
அகலக் கண் வலைக்கு மாற்றினேன்.
இரவுக்குச் சிவப்பு பல்பு என்றான் கடைப் பையன்.
சிவப்பு ஆமைக்கும் தெரியும், தம்பி.
இந்த ஊர் இரவில் சூடு போதும்,
இருட்டுதான் வேண்டும்.

ஆலையில் இரவல் வாங்கிய வெப்பமானித் துப்பாக்கி:
விளக்கடியில் முப்பத்தைந்து,
மறுகோடியில், கவிழ்த்த சட்டியின் நிழலில், இருபத்தெட்டு.
நடுவில் நின்று
இரண்டையும் யோசித்தது மண்டோர்.

குழலின் ஓரத்தில் ஒட்டுநாடா, அதில் மாட்டிய தேதி.
பன்னிரண்டு மாதம் ஆனதும் புதியது கேட்டேன்.
"எரியுதே," என்றார் ஆ கியோங்.
எரிகிறது. முதல் நாள் போலவே வெள்ளை.
தீர்ந்துபோனது கண்ணுக்குத் தெரியாத பங்கு.
அதைச் சொல்லத் தெரியாமல்
எண்பத்தைந்து வெள்ளியை மேசைமேல் வைத்தேன்.

போன வாரம் வீடியோவில் கூப்பிட்டான் வினோதன்.
"பெரிசாயிட்டானே! லைட் எவ்ளோக்கா?"
பாதி விலை சொன்னேன்.
"அடுத்த மாசம் வந்து எடுத்துக்கிறேன்."
போனை உயர்த்திச் சங்கிலியைக் காட்டினேன்,
உத்திரத்துக்குள் இறங்கியிருக்கும் கொக்கியை.
"ம்," என்றான்.

காலை ஏழே கால். டைமர் டிக்கென்று விழுகிறது.
திரைக்கு அந்தப் பக்கம்
இரண்டடி வெயில் எழுகிறது.
இந்தப் பக்கம் பாயில் சாய்கிறேன்.
பலகையில் ஓடு உரசும் சத்தம்.
மண்டோர் பெரட்டுக்கு இறங்கிவிட்டது.
ஓர் ஆள் குறைகிறதென்று
எழுதிக்கொள்ளட்டும்.