பிடித்தது

எனக்கு அந்த ஸ்கூட்டர் பிடித்தது.
துருவுக்கும் பிடித்திருந்தது என்பது
பின்னால்தான் தெரிந்தது.

த்ராபானி உப்பளத்தில் எடைமேடைக் கணக்கு என் வேலை.
லாரி வரும், நிற்கும், எண் சொல்லும், போகும்.
மாலையில் சட்டைப்பையை உதறினால்
ஒரு குழம்புக்கு ஆகும்.
இந்த ஊரில் கதவுக் கீல், சாவி, சைக்கிள் மணி
எல்லாமே உப்பைத் தின்றவை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பதில்
மனிதரை இரும்பு மிஞ்சிவிடும்.

விற்றவன் சவேரியோ.
எழுபத்தெட்டாம் வருட வண்டி, கடல்பச்சை,
பிளாஸ்டிக் கலக்காத இரும்பு உடம்பு, தொள்ளாயிரம் யூரோ.
"கால்வைக்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு, நூன்சியா.
பதினோரு வருஷம். ஒரு சொட்டு பட்டதில்லை."
பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்பவன் முகம்
அப்போது அவனுக்கு.

மூன்றாம் ஞாயிறு விரிப்பைத் தூக்கினேன்.
அடியில் ஈரம்,
எந்த மழையுடையது என்று சொல்ல முடியாத பழைய ஈரம்.
பெயின்ட் அப்பளம்போல் உப்பியிருந்தது.
ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தொட்டேன்;
கேட்காமலே உள்ளே போயிற்று.
ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது.
தரையில் ஓர் எறும்பு
தன் வழியில் போய்க்கொண்டிருந்தது.

சண்டை போடத்தான் கூப்பிட்டேன்.
வசனம் தயார்:
முழுப் பூசணிக்காய், சோறு, இத்யாதி.
வந்தான். குனிந்தான்.
ஓட்டைக்குள் சுட்டுவிரலை விட்டு
வண்டிக்கு அடியில் தலையைச் சாய்த்து
மறுபக்கம் வந்த தன் விரலையே பார்த்தான்,
வெகுநேரம்.
"ஒருநாளும் நான் தூக்கிப் பார்த்ததில்லை" என்றான்.
"பசை விட்டுப்போகும் என்று."

வசனம் வாயிலேயே நின்றது.

ஓட்டையை அடைக்க, முதலில்
அதைப் பெரிதாக்க வேண்டியிருந்தது.
விரல் நுழைந்த துளை, கிரைண்டர் போகப்போக
சாப்பாட்டுத் தட்டளவு ஆயிற்று.
போதும் என்றேன்.
போதாது என்றான்.
பழுப்பு ஓய்ந்து வெள்ளி தெரியும் ஓரம் வரும்வரை
வெட்டிக்கொண்டே போனோம்.
என் யூரோக்கள்தான் பொறியாய்ப் பறக்கின்றன
என்று எண்ணிக்கொண்டேன்.

ஒட்டுத் தகடு, செத்துப்போன என் வாஷிங் மெஷினின் விலாவிலிருந்து.
தண்ணீரோடு குடித்தனம் நடத்திப் பழகியது.
வெல்டிங் அவன் மச்சான் இன்யாட்சியோ;
கூலி, இரண்டு கிலோ கல்லுப்பும்
வாங்கிக் கட்டிக்கொண்ட வசவும்.
கிரைண்டர் எட்டாத மூலைகளில் அமிலக் கரைசல் தடவினோம்.
பழுப்பு கறுத்தது; கறுத்து அடங்கியது.
அதன்மேல் செங்காவி ப்ரைமர்.
டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன்:
அந்தக் காவியும் இரும்பின் ஆக்ஸைடுதான்,
துருவின் பங்காளி.
பங்காளியையே காவலுக்கு வைக்கிறார்கள்.

உட்குழிவுகளுக்கு மெழுகெண்ணெய், நீளக் குழாயால்.
அடைத்துக் கிடந்த வடிதுளைகளைக் கம்பியால் குத்தினோம்.
கரண்டியளவு சேறு
சத்தமில்லாமல் இறங்கியது.

விரிப்பு இப்போது இல்லை.
நனையட்டும், வடியட்டும், காயட்டும்.
சிரோக்கோ காற்றடித்த மறுநாள் மட்டும்
நல்ல தண்ணீரால் அடிவயிறு வரை கழுவி
வெயிலில் நிறுத்துகிறேன்.

சவேரியோ இருநூறு யூரோ திருப்பித் தந்தான்.
விரிப்பைக் கேட்டான், கொடுத்தேன்.
புது வண்டியில் போட்டிருக்கிறானாம்;
சனிக்கிழமைதோறும் தூக்கிப் பார்க்கிறானாம்.
உள்ளே என்ன தேடுகிறான் என்று
அவன் மனைவி என்னைக் கேட்கிறாள்.

நேற்று விளக்கு வளையத்துக்குக் கீழே
கடுகளவு கொப்புளம்.
முளையிலேயே கிள்ளச் சொல்வார்கள்.
கிள்ளினேன். வெள்ளி தெரிந்தது.
ஒரு துளி ப்ரைமரை ஈர்க்குச்சியால் வைத்தேன்.

நகத்திடுக்கில் காவியோடு வேலைக்குப் போனேன்.
முதல் லாரி, முப்பத்தோரு டன்.